பன்மொழிப் பயிற்சியும் மனித மூளையும்

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பல்கலைக்கழகத்திலே கற்கின்ற நாம், கற்றவற்றுள் ஊருக்குப் பயன்படக்கூடிய ஏதேனும் ஒரு பொருளைப்பற்றி எளிய தமிழிலே பேசவேண்டும் என்று மன்றத்தார் பணித்தனர். வயதிலும் அனுபவத்திலும் மூத்த பலர் வீற்றிருக்கும் சபையிலே பேசுவதற்கு எமக்குள்ள தகுதி சிறிது. ஆயினும் எடுத்துக்கொண்ட பொருள் பெரிது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுவதனால் அவருடைய மூளைக்கு என்ன நேருகின்றது என்பதே அப்பொருள்.

இதனை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. "சின்னப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மொழியை ஒன்றாய்ப் படிப்பித்தால் மூளை குழம்பாதோ?" என்ற கேள்வி நம்மூர் வீடுகளிலே நாள்தோறும் எழுகின்றது. சிலர் ஆங்கிலம் விரைவில் வரவேண்டும் என்பதற்காக வீட்டிலே தமிழை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சிங்களத்தை வாசற்படியிலேயே மறித்துவிடுகின்றனர். இரு சாராரும் நம்பும் செய்தி ஒன்றே. மூளை ஒரு சிறிய பெட்டி, அதிலே ஒரு மொழியை வைத்தால் மற்றதற்கு இடமில்லை என்பதுவே அது. இந்நம்பிக்கை உண்மையா என்பதை ஆராய்வோம்.

திருகோணமலையை மொழிகளின் துறைமுகம் என்று சொன்னால் அது மிகையாகாது. திருஞானசம்பந்தர் பாடிய கோணமாமலையிலே, 1620களில் போர்த்துக்கேயர் வந்து கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கையிலே வீழ்ந்தது. 1672இலும் 1782இலும் பிரெஞ்சுக்காரர் இத்துறைக்கு வந்து போயினர். 1795இல் வந்த ஆங்கிலேயர், தம் கடற்படைத் தளத்தை 1957இலேதான் விட்டு அகன்றனர். ஆட்சிகள் போயின; சொற்கள் போகவில்லை. காலையிலே ஜன்னலைத் திறந்து, மேசையிலே பாணை வைத்து உண்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்படுகின்றோமே, இச்சொற்கள் யாவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சிங்கள வீட்டிலும் இவையே சிறிது உருமாறி வழங்குகின்றன. நமது 'கடை' என்ற சொல் சிங்களத்திலே 'கடே' ஆகி நிற்கின்றது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றிலே போர்த்துக்கேயத்தினின்றும் பிறந்த தனியொரு மொழி பல தலைமுறைகளாய் நிலைத்து வந்துள்ளது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் மேற்குக் கரை மீனவர் நம் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். நீர்கொழும்புக் கரையிலே வீட்டில் தமிழும் வெளியிற் சிங்களமும் பேசிய மீனவ மக்கள் நெடுங்காலம் வாழ்ந்திருக்கின்றனர். பள்ளிக்கூட வாசலையே மிதியாத அம்மக்களுடைய நாவிலே இரு மொழிகள் சண்டையின்றிக் குடியிருந்தன. எம்மையே எடுத்துக்கொண்டாலும், பாதிரிமார் நிறுவிய பாடசாலையொன்றிலே காலையில் ஆங்கிலப் பிரார்த்தனை கேட்டோம்; மாலையில் வீட்டிலே தேவாரம் ஓதினோம். ஒன்றினால் மற்றொன்று கெட்டதாக எமக்குத் தெரியவில்லை. ஆனால், எமது அனுபவம் விஞ்ஞானமாகாது. ஆகவே அறிஞர் கண்டவற்றைப் பார்ப்போம்.

மூளை குழம்பும் என்ற அச்சம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. 1923ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டிலே சேயர் என்னும் ஆராய்ச்சியாளர், ஏழு முதற் பதினான்கு வயது வரையுள்ள ஏறத்தாழ 1400 பிள்ளைகளைச் சோதித்தார். வெல்ஷ், ஆங்கிலம் ஆகிய இரண்டையும் பேசிய நாட்டுப்புறப் பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிடக் குறைந்த புள்ளிகளே பெற்றனர். 'இருமொழி மூளையைக் கெடுக்கும்' என்ற முடிவு உலகமெங்கும் பரவியது. நகரத்துப் பிள்ளைகளிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதைப் பலர் கவனியாது விட்டனர். வேறுபாட்டிற்குக் காரணம் மொழியென்றால், அது நகரத்திலும் தோன்றியிருக்க வேண்டுமன்றோ? ஏழைப் பிள்ளையின் புள்ளி குறைந்ததற்கு அவன் பேசும் மொழியின்மேற் பழி சுமத்துவது எளிது. அவனுடைய வறுமையையும் பள்ளிக்கூடத்தின் குறைகளையும் ஆராய்வது கடினம்.

இத்தவறு 1962இலே திருத்தம் பெற்றது. கனடாவிலுள்ள மொன்றியல் நகரிலே பீல், லம்பேட் என்னும் இருவர், பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்ப நிலையிலே சமமாக இருக்குமாறு தெரிந்தெடுத்து ஒப்பிட்டனர். ஆங்கிலமும் பிரெஞ்சும் நன்கறிந்த பிள்ளைகள், ஒரு மொழிப் பிள்ளைகளுக்குச் சளைக்கவில்லை. சோதனைகள் பலவற்றில் அவர்களே முந்தி நின்றனர்.

இனி மூளைக்குள்ளே நுழைவோம். 1861இல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் போல் புறோக்கா, பேச்சிழந்த ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி பழுதுற்றிருந்ததைக் கண்டார். பேச்சுக்கு மூளையிலே இடமுண்டு என்பது அன்று வெளிப்பட்டது. அவ்வாறாயின் தமிழுக்கு ஓரிடமும் ஆங்கிலத்திற்கு வேறோரிடமும் உண்டோ? அப்படியன்று. பெரும்பாலும் ஒரே நரம்பு வலையையே இரு மொழிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு குடும்பங்கள் ஒரு கிணற்றிலே நீர் அள்ளுவது போன்றது அது.

அதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. நாம் ஒரு மொழியைப் பேசும்போது மற்ற மொழி உறங்குவதில்லை. 1999இலே வெளியான ஓர் ஆய்வில், ருஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தோரின் கண்ணசைவுகளை அளந்தனர். 'மார்க்கர்' என்னும் எழுதுகோலை எடுக்கும்படி ஆங்கிலத்திலே சொன்னவுடன், அவர்களுடைய கண்கள் பக்கத்திலிருந்த தபால் முத்திரையையும் அடிக்கடி நாடின. ருஷ்ய மொழியிலே முத்திரைக்கு 'மார்க்கா' என்று பெயர். ஆங்கிலச் சொல் காதிலே விழுந்த கணத்தில் ருஷ்யச் சொல்லும் எழுந்து நின்றது. சிங்களம் அறிந்த தமிழருக்கும் இதுவே நேரும். அம்மொழியில் 'மல்' என்றாற் பூக்கள். அவ்வோசை கேட்டதும் பூவோடு நம் மலையும் ஒரு கணம் மனத்திலே தலைகாட்டும்.

ஆகவே, பன்மொழி பேசுவோரின் மூளைக்கு ஓயாத வேலை ஒன்று உண்டு. வேண்டிய சொல்லைத் தெரிந்தெடுக்க வேண்டும். வேண்டாததை அடக்கி வைக்க வேண்டும். ஆளைப் பார்த்து, இடமறிந்து, கணப்பொழுதிலே மொழியை மாற்ற வேண்டும். புகையிரதப் பாதையிலே வண்டி எந்தத் தண்டவாளத்திற் போகவேண்டும் என்று திருப்பிவிடுபவனைப்போல, மூளையின் முற்பகுதியும் அதனோடிணைந்த உட்பகுதிகளும் இவ்வேலையைச் செய்கின்றன. நம்மூர்க் கடைக்காரர், வருகின்றவரின் முகத்தைப் பார்த்து "வாங்கோ" என்பதா "என்ன" என்பதா என்று தீர்மானிக்கின்றார். சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள்! அந்த அரை நொடியிலே அவருடைய மூளை பார்க்கும் வேலை சிறிதன்று.

உழைக்கும் உறுப்பு மாற்றமடையும். 2004ஆம் ஆண்டு இலண்டனிலே ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தனர். இடப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியிலே இருமொழியாளரின் நரம்புப் பொருள் அடர்த்தியாயிருந்தது. இளமையிலே கற்றவரிடத்தும் தேர்ச்சி மிக்கவரிடத்தும் அவ்வடர்த்தி கூடுதலாயிருந்தது. மூளை அளவு மாறாத பெட்டியன்று. உழுது பயிரிடும் வயலைப் போன்றது என்பது இதனால் விளங்கும்.

கற்பதற்கு ஏற்ற வயது எது? கனடாவிலே ஜனெற் வேர்க்கர் என்னும் அம்மையார் தம் சக ஆய்வாளரோடு 1984இலே வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஹிந்தியிலுள்ள தகர டகர வேறுபாட்டை, ஆங்கிலமே பேசும் வீட்டிலே பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகள் கேட்டுணர்ந்தன. ஒரு வயதை அணுகும்போது அத்திறமை பெரிதும் மங்கிவிட்டது. தொட்டிலிற் கிடக்கும் குழந்தை உலகத்து ஓசைகளுக்கெல்லாம் செவி திறந்து கிடக்கின்றது. கேளாத ஓசைகளுக்குக் கதவு மெல்லச் சாத்துகின்றது. லகர ளகர வேறுபாடறியாத பிள்ளைகளைக் குறைகூறும் பெற்றோர், அப்பிள்ளைகளின் முதல் ஆண்டிலே வீட்டில் எவ்வளவு தமிழ் ஒலித்தது என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

அதற்காக வளர்ந்தவர் கற்கமுடியாது என்று எண்ணவேண்டாம். 1660இலே நமது கொட்டியாரக் குடாவிலே கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டான் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய வாலிபன். அப்போது அவனுக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே இருந்தான். சிங்களம் பழகி, தொப்பி பின்னி விற்று, ஊர் ஊராய்ப் பொருள் விற்பவனாகத் திரிந்து வழியறிந்து, 1679இலே தப்பினான். 1681இல் இலண்டனிலே அவன் வெளியிட்ட நூல், இலங்கை மக்களின் மொழியையும் வாழ்க்கையையும் பற்றி விரிவாய்ப் பேசுகின்றது. வளர்ந்தபின் கற்ற மொழியே அவனுக்குச் சோறும் விடுதலையும் தந்தது.

சபையோர்களே, நமது உரையின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். முதுமையிலே நினைவு தடுமாறி, பெற்ற பிள்ளையையே "நீ ஆர்?" என்று கேட்கும் நிலையை 'அறளை பெயர்தல்' என்கின்றோம். இது வயதின் இயல்பு என்று விட்டுவிடுகின்றோம். உண்மையிலே இது மூளையைப் பற்றும் நோய். 2007ஆம் ஆண்டு ரொறொன்ரோ நகரிலே எலன் பியாலிஸ்டொக் என்னும் பேராசிரியையும் அவர் குழுவினரும் இந்நோயுற்ற 184 பேரின் விவரங்களை ஆராய்ந்தனர். வாழ்நாள் முழுவதும் இரு மொழி பேசியோரிடத்து நோய்க்குறிகள் சராசரி நான்கு ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தன.

இதற்கு மறுப்பு எழுந்தது. அங்கே இருமொழியாளரிற் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். கடல் கடந்து சென்று பிழைக்கக்கூடியவர் இயல்பிலேயே திடமானவராய் இருக்கலாமன்றோ? இவ்வினாவுக்கு விடை நமது பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. தெலுங்கும் உருதுவும் ஹிந்தியும் ஆங்கிலமும் கடைத்தெருவிலே கலந்தொலிக்கும் ஐதராபாத் நகரிலே, நிசாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இலே முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்கள். குடியேறியோரல்லர்; அம்மண்ணிலே வாழ்ந்தவர்கள். அவர்களிடத்து நோய் நாலரை ஆண்டுகள் பிந்தியே தொடங்கியிருந்தது.

கல்வியினால் வந்த பயனை மொழியின் பயன் என்று மயங்குகின்றோமோ எனின், அதற்கும் அவ்வாய்வு விடை கூறுகின்றது. எழுத்தறியாதவரிடத்தும் அவ்வேறுபாடு காணப்பட்டது. கையெழுத்து வையாத மூதாட்டி, சந்தையிலே பழகிய இரண்டாம் மொழியினாற் பயனடைந்திருக்கலாம் என்றால், அது எத்துணைப் பெரிய செய்தி! மூன்றாவது நான்காவது மொழியினால் மேலதிக நன்மை அங்கே காணப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

அதே ஐதராபாத்திலே பாரிசவாதத்தால் தாக்கப்பட்ட 608 பேரையும் ஆராய்ந்தனர். நோயின் பின்னர் அறிவாற்றல் குன்றாதிருந்தோர், இருமொழியாளரில் நூற்றுக்கு நாற்பது பேர்; ஒரு மொழியாளரில் ஏறத்தாழ இருபது பேர். ஆனால் பேச்சிழப்பு இரு சாராரிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது.

திறமையுள்ளவரே மொழி கற்கின்றனர். ஆகவே இது திறமையின் பயன் என்று கூறுவோரும் உளர். அவர்களுக்கு ஸ்கொட்லாந்து விடை தருகின்றது. அங்கே 1947இலே பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை நடத்திப் பதிவு செய்திருந்தனர். அவர்களுள் 853 பேரை எழுபதைத் தாண்டிய பருவத்திலே, 2008 முதல் 2010 வரை மீண்டும் சோதித்தனர். இரண்டாம் மொழி கற்றிருந்தவர்கள், சிறுவயதுப் புள்ளியைக்கொண்டு எதிர்பார்த்ததைவிட மேலான நிலையில் இருந்தனர். வளர்ந்தபின் கற்றவரும் பயன் பெற்றிருந்தனர்.

இப்பயன் எவ்வாறு விளைகின்றது? ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்கால் உண்டென்று வையுங்கள். ஒன்று தூர்ந்தாலும் மற்றதனால் நீர் பாயும். பயிர் உடனே வாடாது. கந்தளாய்க் குளத்து நீரினால் விளைவிக்கும் நம் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மொழிப் பயிற்சி நோயை வராமற் செய்வதில்லை. வந்த நோயைச் சிறிது காலம் தாங்கும் வலிமையைத் தருகின்றது என்பதே அறிஞர் கருத்து. 2012இலே ரொறொன்ரோ நோயாளரின் மூளைகளைப் படம் பிடித்தபோது, வெளித்தோற்றத்திலே ஒரே நிலையிலிருந்தவருள் இருமொழியாளரின் மூளையே அதிகம் தேய்ந்திருந்தது. தேய்ந்தும் தாங்கி நின்றது என்பது பொருள்.

இவ்வளவும் சொல்லி, மறுபக்கத்தை மறைத்தால் அது உங்களை ஏமாற்றுவதாகும். பன்மொழிப் பிள்ளைகள் மதியிலே மேம்பட்டவர் என்ற கூற்று இப்போது பலத்த ஐயத்துக்குள்ளாகியிருக்கின்றது. 2018இலே 152 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்த்தவர்கள், வளர்ந்தோரிடத்து அத்தகைய மேம்பாட்டிற்கு உறுதியான சான்றில்லை என்றனர். 2019இலே அமெரிக்காவில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 4500 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்விலும் அது தென்படவில்லை. நோயில்லாத முதியோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவும், இருமொழியாளரிடத்தே மறதி நோய் குறைவென்று காட்டவில்லை. அன்றியும், இரு மொழி பேசுவோருக்குச் சொல் நாநுனியிலே நின்று தடுமாறுவது சற்று அதிகம். எனவே மொழியை ஒரு மருந்துக் குளிகையாக எண்ணி விழுங்கப் புறப்படுவது பேதைமை. பல மொழிகள் மூளையைக் கெடுப்பதில்லை என்பது உறுதி. முதுமையிலே துணைநிற்கக்கூடும் என்பது நம்பத்தக்க கருத்து. இவ்விரண்டிற்கும் மேலே செல்ல நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது?

முதலாவது, வீட்டிலே தமிழை நிறுத்தாதீர்கள். ஆங்கிலத்திற்கு இடம் விடுவதற்காகத் தமிழை வெளியேற்ற வேண்டியதில்லை. இடப் பஞ்சம் மூளையிலே இல்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அறளை பெயரும்போது பிந்திக் கற்ற மொழி முந்தி மறைவதைப் பலரிடத்துக் கண்டிருக்கின்றனர். இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் முதுமையடைகின்றனர். ஐம்பதாண்டு பேசிய ஆங்கிலம் அவர்களை விட்டுப் போகலாம். தாயின் மடியிலே கேட்ட தமிழ் மட்டும் மிஞ்சலாம். "தண்ணி தா மோனை" என்று அவர்கள் கேட்கும்போது, அருகிலிருக்கும் பேரப்பிள்ளைக்கு அது விளங்காவிட்டால், அதைவிடப் பெரிய தனிமை வேறு உண்டோ?

இரண்டாவது, பக்கத்து வீட்டாரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். இதனைச் சொல்லும்போது சில பெரியோரின் நெற்றி சுருங்குவதை நாம் காண்கின்றோம், காரணத்தையும் அறிவோம். 1956இலே சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய சட்டம் நம் மக்களின் நெஞ்சிலே ஆறாத புண்ணை உண்டாக்கிற்று. உத்தியோகம் இழந்தோரையும், விளங்காத கடிதத்தைக் கையிலேந்தி அலுவலகம் அலுவலகமாய் அலைந்தோரையும் நாம் மறக்கவில்லை. தமிழும் அரச மொழி என்று யாப்பிலே எழுதப்பட 1987 ஆயிற்று. ஆனால் அன்று நம்மைப் புண்படுத்தியது கட்டாயமேயன்றி, சிங்களம் என்னும் மொழியன்று. ஐதராபாத் மூதாட்டிக்குச் சட்டம் மொழி கற்பிக்கவில்லை, சந்தை கற்பித்தது. மீனவருக்கு அரசாங்கம் கற்பிக்கவில்லை, கடல் கற்பித்தது. விரும்பிக் கற்ற மொழி ஒருவரைத் தாழ்த்துவதில்லை. இதே நியாயம் சிங்களச் சகோதரர்க்கும் உரியது. அவர்கள் தமிழ் கற்பதும் கடனே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி எந்த ஓரினமும் பாதிக்கு மேற்படாத நம் மாவட்டத்திலே, ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமையினாலே விளைந்த துன்பங்கள் போதும்.

பன்மொழி கற்றால் தமிழ்ப் பற்றுக் குறையும் என்போர்க்குச் சுவாமி விபுலாநந்தரையே சான்றாகக் காட்டுவோம். காரைதீவிலே 1892இற் பிறந்து, கிறித்தவப் பாடசாலைகளிலே ஆங்கிலங் கற்று, 1916இலே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகி, 1920இலே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர் அவர். 1920களிலே நம்மூர் இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யிலே சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழர்க்கு விளக்கினார். வடமொழியும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் அறிந்த அதே உள்ளந்தான் 1947இலே 'யாழ் நூல்' என்னும் பெருந் தமிழ்ச் செல்வத்தை நமக்கு அளித்தது. பிற மொழிகள் அவருடைய தமிழை மெலிவிக்கவில்லை, அதற்கு உரமாயின.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாரத்திலே ஒரு மாலைப்பொழுது நமது மன்ற மண்டபம் வெறுமையாகவே கிடக்கின்றது. அம்மாலையிலே, தமிழ் பேசப் பழக விரும்பும் சிங்கள இளைஞர்க்கு நாம் தமிழ் சொல்லிக்கொடுப்போம். அவர்களிடம் நாம் சிங்களம் கேட்டுக்கொள்வோம். கூலியும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். அரைமணி நேரம் தமிழ், அரைமணி நேரம் சிங்களம், முடிவிலே ஒரு தேநீர். இத்தீர்மானத்தை இவ்வாண்டுச் செயற்குழு ஏற்றுக்கொள்ளுமாயின், முதல் மாணவராகப் பெயர் கொடுக்க நாம் காத்திருக்கின்றோம்.